நூற்பதிப்பின் வெற்றியும் ஆலைவாயிலின் வெறுமையும்

(திருப்பெரும்பூதூர் – ஒரகடம் தொழிற்பகுதித் தமிழன்பர்கள் முன் நிகழ்த்தப்பெற்ற உரை)



நூற்பதிப்பும் ஒரு வணிகமே என்பர் சிலர். காசு போட்டுக் காசு எடுக்கும் தொழில்களுள் அதுவும் ஒன்று என்பது அவர்தம் எண்ணம். அவ்வாறு எண்ணுவோர் தனித்தமிழ் நூற்பதிப்பின் கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பாராதவர். அத்துறையில் இறங்கிச் செல்வரானவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையிலிருந்ததை இழந்தவர் பலர். இன்றைய உரையின் பொருள் அவ்வரலாற்றின் அண்மைக்கால வெற்றி ஒன்றும், அவ்வெற்றி இன்னும் வந்தெட்டாத ஓர் இடமும் ஆகும். அவ்விடம் வேறெங்கும் இல்லை. இந்த ஒரகடத்துச் சாலைதான்.

முதலில் நற்செய்தி. மறைமலையடிகள், மொழிஞாயிறு பாவாணர், பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் ஆகிய மூவர்தம் எழுத்துகளும் இன்று தொகுதி தொகுதியாகத் தொகுக்கப்பெற்று அச்சேறிவிட்டன. அடிகளின் எழுத்துகள் ‘மறைமலையம்’ என்னும் பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகவும், அப்பாத்துரையாரின் எழுத்துகள் ‘அப்பாத்துரையம்’ என்னும் பெயரில் 40 தொகுதிகளாகவும் வெளிவந்துள்ளன. பாவாணர் நூல்கள் முழுமையும், ந.சி. கந்தையா, மயிலை சீனி. வேங்கடசாமி, வெ. சாமிநாதர் ஆகியோர் நூல்களும் அவ்வாறே வந்துள்ளன. இவற்றை வெளியிட்டது அரசன்று, பல்கலைக்கழகமும் அன்று. கோ. இளவழகனார் என்னும் ஒருவர் தோற்றுவித்து நடத்திய ‘தமிழ்மண் பதிப்பகம்’ என்னும் சிறு பதிப்பகமே. அமைச்சும் துறையும் ஆயிரம் பணியாளரும் உடைய நிறுவனங்கள் செய்யாதொழிந்ததை ஒரு தனியாள் செய்து முடித்தார் என்பதைப் பெருமை என்பதா, நாட்டுக்கு நேர்ந்த சிறுமை என்பதா? இரண்டும்தான்.

இவ்வெற்றிக்கு வழிவகுத்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூலாசிரியரின் வழியினர்க்கு அரசு ஒரு தொகை அளித்து, அவர்தம் எழுத்துகளை நாட்டுடைமையாக்குகிறது. 1949இல் பாரதியார் பாடல்களில் தொடங்கிய முறை இது. நாட்டுடைமையான நூலை எவரும் இசைவு கேளாமல் அச்சிடலாம். ஆனால் எவரும் அச்சிடலாம் என்னும் உரிமை, எவரும் பிழைபட அச்சிடலாம் என்னும் உரிமையாகவும் ஆகிவிட்டது! நான்கு கட்டுரைகளைப் பிய்த்தெடுத்து, பளபளக்கும் அட்டைக்குள் திணித்து, நூலகத்திற்குத் தள்ளிவிடும் பதிப்புகள் எத்துணை! அச்சந்தைக்கு நடுவில், கிடைத்தற்கரிய பழம்பதிப்புகளைத் தேடிப் பெற்று, ஓர் ஆசிரியரின் எழுத்து அனைத்தையும் காலமுறையிலும் பொருள்முறையிலும் அடுக்கி வெளியிடுதல் வேறு வகைப்பட்ட உழைப்பு. முன்பெல்லாம் தமிழ்நூலுக்கு ஒரு பதிப்பு என்றால் ஆயிரத்து இருநூறு படிகள் என்பது வழக்கம். இன்று சில நூறு படிகளே அச்சிடப்படுகின்றன. அந்நிலையில் 40 தொகுதிகளை ஒருசேர அச்சிட்டு அடுக்கி வைப்பதற்குப் பணத்தைக் காட்டிலும் நெஞ்சுரமே மிகுதியும் வேண்டும்.

இளவழகனார் 2021 மே திங்களில் மறைந்தார். அவர் பதிப்பகத்திற்கு அறிவுத்துணையாக நின்ற முதுமுனைவர் இரா. இளங்குமரனார் அதே ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார். அச்சிட்ட கையும் எழுதிய கையும் மூன்று திங்களுக்குள் ஓய்ந்தன.

இவ்வுழைப்புக்கு முன்னோடி யார்? 1920ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். பெயரில் வடசொல் இருப்பினும் பணியில் தமிழே இருந்தது; மக்களும் அந்நெடும்பெயரை விடுத்துக் ‘கழகம்’ என்றே வழங்கினர். வ. திருவரங்கனாரும் அவர் இளவல் வ. சுப்பையாவும் அதனை வளர்த்தனர். திருவரங்கனார் அடிகளின் மருமகனார்; ‘வடசொல் தமிழ் அகரவரிசை’ தந்த நீலாம்பிகை அம்மையாரின் கணவர். அவர் 1944இல் மறைந்தபின் கழகத்தின் சுமை முழுவதும் தாமரைச்செல்வர் சுப்பையாவின் தோளில் ஏறியது. 1983இல் அவர் மறையும்வரை அச்சுமை இறங்கவில்லை.

கழகம் ஒரு செல்வரின் கொடையில் எழுந்ததன்று. பங்கு விற்று முதல் திரட்டிய கூட்டு நிறுவனம் அது. பங்குகொண்டோர் பெரிய ஊதியத்தை எதிர்பார்த்துக் கொள்ளவில்லை. நல்ல தமிழ்நூல் வர வேண்டும் என்று கொண்டனர். 1923இல் ‘செந்தமிழ்ச் செல்வி’ என்னும் திங்களிதழ் தொடங்கிற்று. சென்னையில் அப்பர் அச்சகம் அமைந்தது. கழக இலக்கியங்கள் ஒவ்வொன்றாக உரையுடன் வந்தன: அகநானூற்றுக்கு நாவலர் ந.மு. வேங்கடசாமியாரும் இரா. வேங்கடாசலமும், புறநானூற்றுக்கு ஔவை சு. துரைசாமியாரும் உரை கண்டனர். அடிகள் 1950இல் மறைந்தபின் அவர் தொகுத்து வைத்திருந்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைக் கண்டதும் இக்கழகமே. 2020இல் கழகத்திற்கு நூறாண்டு நிறைந்தது. அவ்வாண்டு நாடே நோய்த்தொற்றில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தமையால், தமிழர் தெருவெல்லாம் கொண்டாடியிருக்க வேண்டிய விழாவைப் பெரும்பாலோர் அறியாமலே போயினர்.

கழகத்தின் வெற்றிக்குள் ஒரு நுட்பம் உண்டு. அது புலவரை நகரத்தில் மட்டும் தேடவில்லை. மேலைப்பெருமழை என்னும் சிற்றூரில் உழவுத்தொழிலோடு வாழ்ந்தவர் பொ.வே. சோமசுந்தரனார். அவரைக் கண்டறிந்து, உரை எழுதித் தருமாறு பணித்து, எழுதியவற்றை அச்சிட்டு, ‘பெருமழைப் புலவர்’ என்னும் பெயரை நாடறியச் செய்தது கழகம். 1972இல் அவர் மறைவதற்குள் பழந்தமிழ் நூல் பலவற்றுக்கு அவருரை வந்துவிட்டது. பதிப்பகத்தான் ஒருவன் வந்து கதவைத் தட்டாதிருந்தால் அவ்வுரைகள் அப்புலவரின் நெஞ்சோடே மண்ணில் மறைந்திருக்கும்.

இனி, இந்த இடத்துக்கு வருவோம்.

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1911 முதல் அடிகள் வாழ்ந்தார். அங்கே தாமே ஓர் அச்சகம் வைத்து, தம் நூல்களைத் தாமே பதிப்பித்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கிளர்ந்ததும் அவ்வில்லத்தில்தான். அங்கிருந்து தெற்கே பெருஞ்சாலை வழியே சென்றால் அடிகள் பெயரையே தாங்கிய மறைமலைநகர். அதனைக் கடந்து சிங்கப்பெருமாள்கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். அச்சாலை சென்று முடியும் இடம் திருப்பெரும்பூதூர். தனித்தமிழ்த் தந்தை வாழ்ந்த வீட்டுக்கும் இந்தத் தொழிற்சாலைகளுக்கும் இடையே உள்ள தொலைவு பேருந்தில் ஒன்றிரண்டு மணி நேரம். ஆனால் மொழியால் அளந்தால் அத்தொலைவு மிகப் பெரிது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரிய நாட்டு இயுண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து வெளிவந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2014இல் மூடப்பட்டும் போயிற்று. ஒரகடத்தில் 2010இல் இரெனால்ட்டு–நிசான், 2012இல் தைம்லர் சரக்குந்து என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் இங்கு வந்து, அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேராகத் தங்கி, முறைவேலை பார்க்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பல்தொழிற் பயிலகத்திலும் தேறி வந்தவர்கள் இவர்கள், எழுத்தறியாதவர் அல்லர். ஆலைப் பேருந்து நிற்கும் இடங்களில் தேநீர்க்கடை உண்டு; உணவுக்கடை உண்டு; கைப்பேசிக் கடை உண்டு. தமிழ்நூல் அடுக்கிய கடையைத் தேடத்தான் வேண்டும்.

உள்ளே சென்றால் பொறியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். பொறி வந்த நாட்டைப் பொறுத்துச் சில குறிப்புகள் கொரியத்திலும் சப்பானியத்திலும் இருக்கும். தமிழ்த் தொழிலாளி ‘வெல்டிங்கு’ என்பான், ‘போல்ட்டு’ என்பான், ‘டார்க்கு’ என்பான், ‘லைன்’ என்பான். அவன்மேல் குற்றமில்லை, அவனுக்குப் பயிற்றியவர் வாயில் வேறு சொல் இல்லை. ஆனால் அவன் பாட்டன் கொல்லுலையில் பற்றவைத்தான், வார்ப்பு வார்த்தான், மரை வெட்டினான், திருகாணி முடுக்கினான், அரத்தால் அராவினான். வண்டிச் சக்கரம் சுழல்வதும் அச்சில். உருக்கிய மாழையை வார்ப்பதும் அச்சில். நூல் பதிவதும் அச்சில். இத்தனை தொழிலுக்கும் ஒரு சொல்லை ஆக்கி வைத்த இனத்தின் பிள்ளைக்கு, மகிழுந்தின் அச்சைப் பூட்டும்போது தன் மொழியில் ஒரு சொல் கிடைப்பதில்லை.

இது வெறும் மொழிப்பெருமைச் செய்தி அன்று. கைவிரல் பற்றிய செய்தி. அழுத்துபொறிப் பணியில் விரலிழப்பது தொழிலுலகம் நன்கறிந்த நேர்ச்சி. எந்த விளக்கு எரிந்தால் கை நீட்டலாம், எது எரிந்தால் நீட்டக்கூடாது என்பதை ஒருவன் அயன்மொழிக் குறிப்பில் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கற்றுக்கொள்ளும்போது, விளங்காத பாதிக்கு அவன் உடலே விலை. இதனைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சுவரில் ஒட்டும் தாளுக்கு விதி இருந்தது. அத்தாளுக்குப் பின்னுள்ள அறிவைத் தொழிலாளி தன் மொழியில் கற்பதற்கு நூல் எங்கே?

தமிழில் இஃது இயலாது என்பாரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார்; மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் அச்சிட்டார். அயல்நாட்டவர்க்கு இயன்றது அது. நெல்லையில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், புலவரையும் அறிவியலாரையும் ஒன்றுகூட்டி, ஏறத்தாழப் பத்தாயிரம் கலைச்சொற்களைத் தொகுத்து 1938இல் வெளியிட்டது. நாடு விடுதலை பெறாத காலம் அது! 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. ஆக, சொல் இல்லை என்பதும் வழி இல்லை என்பதும் பொய். இங்கு வந்து ஆலை வைத்த கொரியரைப் பாருங்கள். 1446இல் தம் அரசன் வெளியிட்ட எழுத்தைக் கொண்டு, தம் மொழியிலேயே பள்ளியில் பயின்று, தம் மொழியிலேயே தொழிலறிவை வளர்த்துக்கொண்ட இனம் அது. அவர்கள் வண்டியைத்தான் இங்குக் கொண்டுவந்தனர். அந்த வண்டிக்குப் பின்னால் இருந்த தாய்மொழிக் கல்வியை இங்குள்ள எவரும் கண்டுகொள்ளவில்லை.

பதிப்பகத்தார் மீதும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். தமிழ்நூல் என்றால் இலக்கியம், இலக்கணம், வரலாறு என்று வகுத்துக்கொண்டு, அவற்றைப் புலவர் வீட்டு நிலைப்பேழை வரை கொண்டுசேர்த்து, அத்தோடு பணி முடிந்தது எனக் கருதும் போக்கு பரவிவிட்டது. அடிகளே அவ்வாறு கருதவில்லை. நூறாண்டு உயிர்வாழும் வழி இது என்று உடல்நலம் பற்றித் தனிநூல் எழுதியவர் அவர். இன்னொரு குறை சொல்லாக்குவோரிடம் உள்ளது. அறைக்குள் அமர்ந்து, ஆறேழு அசை கொண்ட சொற்களைப் புனைந்து, பட்டியலாக அச்சிட்டுவிட்டால் அவை ஆலைக்குள் தாமே நடந்து செல்லும் என்று எண்ணுகின்றனர். இரைச்சலுக்கு நடுவே பத்தடி தள்ளி நிற்பவனைக் கூவி அழைத்துச் சொல்லத்தக்கதாய்ச் சொல் இருக்க வேண்டும். ‘மரை’ அத்தகைய சொல். ‘உலை’ அத்தகைய சொல். அவை கொல்லனும் தச்சனும் ஆக்கியவை.

இங்குப் பிறந்த இராமானுசர், மறைவாய்க் காக்கப்பட்ட பொருளைக் கோயில் மேலேறி ஊரறியச் சொன்னார் என்று ஒரு வழக்கு உண்டு. சமயச் செய்தி ஒருபுறம் இருக்கட்டும். அத்துணிவு பொறியியல் அறிவுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியது பெருந்திட்டம் அன்று. முதற்கண் மூன்று கையேடுகள் போதும்: பற்றவைப்புப் பணி ஒன்று, அழுத்துபொறியும் அதன் காப்பும் ஒன்று, தொழிலாளர்க்குரிய சட்ட உரிமை ஒன்று. ஒவ்வொன்றும் நூறு பக்கத்துக்கு மேற்படாமல், வேலையுடைப் பையில் அடங்குமாறு, படங்களுடன் அமைய வேண்டும். எழுதுவோர் மூவர் ஒன்றாய் அமர வேண்டும்: பத்தாண்டு பணி செய்த தொழிலாளி ஒருவர், பொறியாளர் ஒருவர், மொழியறிந்தவர் ஒருவர். தொழிலாளி வழங்கும் சொல்லை முதலில் எழுதி, அதன் பக்கத்தில் தமிழ்ச்சொல்லை எழுதி, அடுத்த பக்கம் முதல் தமிழ்ச்சொல்லை மட்டுமே ஆண்டால், நூல் முடிவதற்குள் சொல் நாவுக்குப் பழகிவிடும்.

பணத்துக்குக் கழகம் காட்டிய வழியே உண்டு. ஐந்நூறு பேர் ஆளுக்கு நூறு உருபா முன்தொகை தந்தால் ஐம்பதாயிரம் உருபா. சிறு கையேடு ஒன்றின் முதற்பதிப்புக்குத் தாள்விலையும் அச்சுக்கூலியும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். தந்தவர்க்கு நூல் ஒன்று. எஞ்சிய படிகள் விற்ற பணம் அடுத்த கையேட்டுக்கு. 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் நூற்காட்சியில் காஞ்சிபுரத்தில் ஓர் அடுக்கு இடம் கேட்கலாம். ஆயினும் முதல் விற்பனை இச்சாலையோரத்திலேயே நிகழ வேண்டும். முறை மாறும் வேளையில், பேருந்து வந்து நிற்கும் அந்தப் பத்து நொடிப் பொழுதில், ஒரு பலகையின்மேல் நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருவர் நின்றால் போதும். எழுதித் தரத்தக்க தொழிலாளர் எவரெவர் என்பதைத் திருப்பெரும்பூதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய மூன்று இடங்களிலும் இத்திங்கள் முடிவதற்குள் கண்டறிதல் வேண்டும். பெருமழைக்குச் சென்று கதவைத் தட்டியவர்களைப் போல, அத்தொழிலாளர் தங்கியிருக்கும் அறைகளுக்கு அன்பர்களே நேரிற் சென்று கேட்க வேண்டும்.