மரபணுக் கல்வியும் தமிழும்

(ஏலாக்குறிச்சியில் நடந்த தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூர், இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் வாழ்ந்து தமிழ்ப்பணி ஆற்றிய ஊர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்து வடிவிலேயே தெளிவாக்கியவர் அவர். 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாய்ச் சதுரகராதி தந்தவரும் அவரே. கற்பார்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டை மொழியின் குறையென்று அவர் இகழவில்லை. அதைக் களையும் கருவியைச் செய்து கொடுத்தார்.

என்னிடம் பயின்ற உழவர் மகன் ஒருவன், மேனிலைப் பள்ளியில் மூலக்கூறு மரபியலைத் தமிழிற் கற்றுத் தேறியவன். பல்கலைக்கழகமொன்றில் மரபணுத் தொழில்நுட்பம் பயிலச் சேர்ந்தான். ஓராண்டு கழித்து என்னைக் காண வந்தபோது, “ஐயா, பாடம் விளங்குகிறது, ஐயம் வினவத்தான் வாய் எழவில்லை” என்றான். வினவ இயலாத வகுப்பறையில் அறிவியல் எங்ஙனம் வளரும்? பன்னிரண்டாம் வகுப்புவரை திறந்திருந்த தமிழ்க்கதவு, பல்கலைக்கழக வாயிலில் அடைபட்டு விடுகிறது!

‘இத்தகு நுண்கல்வி தமிழில் இயலாது’ என்பார் உளர். இயலுமா என்று இங்கேயே பார்ப்போம்.

தமிழுக்கு முதலெழுத்துகள் முப்பது. உயிரின் நூலுக்கோ நான்கே எழுத்துகள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். இவை மும்மூன்றாய்ச் சேர்ந்து 64 சொற்கள் ஆகின்றன. அவற்றுள் 61 சொற்கள் இருபது வகை அமினோக் காடிகளைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். இந்நூலின் படியொன்றை ரைபோசோம் என்னும் நுண்பொறி படித்துப் புரதத்தைக் கோத்து முடிக்கிறது. அப்பொறியின் அமைப்பைக் கண்டமைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் இராமகிருட்டிணன், சிதம்பரத்திற் பிறந்தவர்.

இனி, மரபணுத் தொழில்நுட்பம் யாது? நொதியைக் கத்தரியாக்கி மரபிழையை வெட்டுதல். வேறொரு நொதியைப் பசையாக்கி ஒட்டுதல். இன்சுலின் சுரக்கச் செய்யும் மாந்த மரபணுவை 1978-இல் நுண்ணுயிருள் ஏற்றினர். 1982-இல் அம்மருந்து நீரிழிவு நோயர்க்கு விற்பனைக்கு வந்தது. இவ்வளவே! விளங்கிற்றா, இல்லையா?

இத்துறை நம் மண்ணுக்குப் புதிதுமன்று. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தே, கொலாசன் என்னும் புரதம் முப்புரிக் கயிறாய் முறுக்குண்டிருப்பதை ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகிற்கு அறிவித்தனர். அறிவு இங்கே விளைந்தது. தமிழ்க் களஞ்சியத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

குறை நம்மிடத்தும் உண்டு. தமிழகத்தில் ‘மரபணு’ என்பதை ஈழத்தார் ‘பரம்பரையலகு’ என்பர். செல், உயிரணு, கண்ணறை, கலம் என ஒரு பொருட்கே நாற்பெயர். சொல்லாக்கத்திற் போட்டியிட்ட அளவு நாம் நூலாக்கத்தில் உழைத்தோமில்லை. சொற்பட்டியல் மட்டுமே கல்வியாகாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்துத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தாரன்றோ? அவரும் சொல்லோடு நின்றாரல்லர். நூலும் வகுப்பும் கண்டார்.

ஆங்கிலம் கற்க வேண்டா என்று யான் கூறவில்லை. உலக ஆய்வுகளைப் படிக்க அது வேண்டும், நன்றாகவே கற்க. ஆனால், எண்ணுதற்கும் வினவுதற்கும் தாய்மொழி வேண்டும்.

ஆதலின், பல்கலைக்கழகம் புகும் இளைஞர்களே! கற்கும் ஒவ்வொரு பாடத்தையும் ஈரேடு தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதியதை உங்கள் ஊர்ப்பள்ளி மாணவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர்க்கு விளங்காத இடத்தைத் திருத்துங்கள். ஐந்தாண்டில் அது நூலாகும். பேராசிரியப் பெருமக்களே! தமிழில் எழும் ஐயத்திற்குச் செவி கொடுங்கள்.

அயல்நாட்டார் ஒருவர் இவ்வூரிலிருந்து நம் மொழிக்குச் செய்ததில் ஒரு கூறேனும் நாம் செய்ய வேண்டாவா?

வாழ்க தமிழ்!