மனுவைத் தொடுக்கும் சொற்கள்



மனு எழுதத் தெரிந்தோர் நம் தெருக்கள்தோறும் இன்று உளர். எனினும், கருத்தைக் கோவையாகத் தொடுத்து எழுதுவோர் சிலரே.

“சுடுகாட்டுப் பாதை அடைபட்டுள்ளது. சேற்று வயலில் பிணம் சுமக்கிறோம். பாதை வேண்டும்.” மூன்றும் உண்மையே. ஆயினும் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பை, படிக்கும் அதிகாரியே தேட வேண்டியுள்ளது. “பாதை அடைபட்டுள்ளது, அதனால் சேற்று வயலில் பிணம் சுமக்கிறோம், ஆகவே பாதையை மீட்டுத் தருக” என்று எழுதிப் பாருங்கள். காரணத்தை ஒப்புக்கொண்டவர் கோரிக்கையை எளிதில் தள்ள இயலாது.

இத்தகைய சொற்களை நம் இலக்கணம் இடைச்சொற்கள் என்னும். அவற்றுக்கெனச் சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஓர் இயலையே வகுத்தார் தொல்காப்பியர். தனித்து நில்லாத இச்சொற்களே பிற சொற்களின் உறவை உணர்த்துகின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. ‘ஏனெனில்’ காரணம் காட்டும். ‘ஆகவே’ முடிவு கூறும். ‘எனினும்’ முரணை வெளிப்படுத்தும். “1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, எனினும் எங்களுக்குப் பொதுக்குழாயில் நீர் மறுக்கப்படுகிறது.” அந்த ஒரு சொல், சட்டத்தையும் நடப்பையும் நேருக்கு நேர் நிறுத்திவிடுகிறது!

ஆனால் ஒன்று: வரிதோறும் ‘மேலும், மேலும்’ என்று அடுக்காதீர்கள். தொடர்பு இல்லாத இடத்தில் இணைப்புச் சொல் வெறும் சுமையே. எழுதி முடித்தபின் உரக்கப் படியுங்கள், “அதனால் என்ன?” என்று கேட்கத் தோன்றும் இடத்தில் உரிய சொல்லை வையுங்கள்.

உண்மை நம்மிடம் உண்டு. அதைத் தொடுத்துரைக்கும் திறனும் நமதாகட்டும்.