ரஷ்யாவில் டாக்டர் படிப்பு: கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பார்ப்போம்

(மேடவாக்கம் கூட்டு ரோட்டில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் ஒரு தோழர் நம்மைத் தேடி வந்தார். ஒரு காலத்தில் சித்தாலப்பாக்கம் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். வயலெல்லாம் மனைக்கட்டாகிப் போனபின் அதே மண்ணில் கட்டட வேலைக்குக் கலவை சுமக்கிறார். அவர் சம்சாரம் தாம்பரம் சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்தில் தையல் மெஷினில் உட்காருகிறார். மகள் சர்க்கார் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். நல்ல மார்க்கு.

தோழரின் கையில் ஒரு மஞ்சள் பை. பையில் வீட்டுமனைப் பட்டா, நகை அடகு வைத்த ரசீது, அச்சடித்த ஒரு பாரம். "பெண்ணை ரஷ்யாவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்புகிறோம். முன்பணம் ஐம்பதாயிரம் கட்டியாகிவிட்டது. மிச்சத்துக்குப் பட்டாவை வைக்கச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பாரம் முழுக்க இங்கிலீஷ். நாலு பக்கம் படித்துப் பார்த்தோம். கல்லூரியின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்ற வரி மட்டும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டாம், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் அவர் ஒருவரோடு போகிற சங்கதியா இது? இந்தக் கூட்டு ரோட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பாருங்கள். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ். பூகோளப் புத்தகத்தில் பார்த்த நாடெல்லாம் இப்போது மேடவாக்கத்துக்கு வந்து நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது. எல்லா நாட்டையும் பற்றி இன்று பேசப் போவதில்லை. ரஷ்யாவைப் பற்றி மட்டும் பேசுவோம். அதற்குக் காரணம் உண்டு.

ரஷ்யா என்று சொன்னால் நம்மில் மூத்தவர்களுக்கு மனம் இளகிவிடும். நெய்வேலியில் முதல் அனல் மின் நிலையத்தைச் சோவியத் உதவியோடுதான் கட்டினார்கள். 1962-ல் அங்கே மின்சாரம் பிறந்தது. இதோ, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நந்தம்பாக்கத்தில் ஆபரேஷன் கருவிகள் செய்யும் தொழிற்சாலை 1960-களில் அதே உதவியில்தான் எழும்பியது. மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்களை அரைநாள் கூலி கொடுத்து வாங்கி, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

படிப்பிலும் அப்படித்தான் இருந்தது. 1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட பல்கலைக் கழகம் அது. மறு வருஷம், காங்கோவின் முதல் பிரதம மந்திரி பாட்ரிஸ் லுமும்பாவைக் கொன்றார்கள் அல்லவா, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். சம்பளம் கிடையாது. தங்க விடுதி. மாதாமாதம் கைச்செலவுக்கு உபகாரச் சம்பளம். முதல் வருஷம் முழுக்க ரஷ்ய மொழி கற்றுக்கொடுப்பார்கள், அப்புறம்தான் பாடம். நம் நாட்டிலிருந்தும் பலர் போனார்கள். டாக்டராகவும் இஞ்சினீயராகவும் திரும்பி வந்தார்கள். குளிரும் மொழியும் அவர்களைப் படாத பாடு படுத்தியிருக்கும். ஆனால் அப்பனின் குடிசை அடகுக் கடையில் இருந்ததில்லை.

அந்தச் சோவியத் நாடு 1991-ல் கலைந்துபோய்விட்டது. மறு வருஷமே அந்தப் பல்கலைக் கழகத்தின் பெயரிலிருந்து லுமும்பாவை எடுத்தார்கள். 2023-ல் மறுபடி வைத்தார்கள். பெயர் திரும்பி வந்தது தோழர்களே, இலவசம் திரும்பி வரவில்லை! இன்று அங்கே படிக்கப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பணம் கட்டித்தான் படிக்கிறார்கள். இதை நாம் ஒளிக்காமல் பேசவேண்டும். ஏனென்றால், நமக்கு ரஷ்யாவின் மேல் இருக்கும் பழைய பாசத்தைத் தரகர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதையே முதலாக்கி வியாபாரம் செய்கிறார்கள்.

சரி, நம் பிள்ளைகள் ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? தமிழ்நாட்டுச் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் வருஷச் சம்பளம் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். அந்த இடத்துக்குத்தான் 2017 முதல் நீட் பரீட்சை குறுக்கே நிற்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1200-க்கு 1176 வாங்கியும் இடமில்லாமல் போனதையும், அந்தப் பெண்ணை நாம் இழந்ததையும் மறந்தவர் இங்கே இல்லை. 2020-ல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவிகித இடம் ஒதுக்கினார்கள். அதில் சேருகிறவர்களின் சம்பளத்தைச் சர்க்காரே கட்டும் என்றார்கள். நல்ல காரியம். நம் பிள்ளைகளில் யாராவது சர்க்கார் பள்ளியில் படித்திருந்தால் முதலில் தட்டவேண்டிய கதவு அதுதான். அது திறக்காத இடத்தில்தான் தரகன் வந்து நிற்கிறான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ரஷ்யாவில் மருத்துவப் படிப்பு ஆறு வருஷம். சம்பளம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நடுத்தரமாக வருஷத்துக்கு நாலு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்கு இருபத்து நாலு லட்சம். சாப்பாடு, விடுதி, குளிர் உடுப்பு, விமானம் எல்லாம் சேர்த்து வருஷம் ஒரு லட்சம் என்று கையை இறுக்கினாலும் ஆறு லட்சம். ஆகமொத்தம் முப்பது லட்சம். பாங்கில் ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் கேட்டால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். பாக்கியை வெளியில்தான் வாங்கவேண்டும். நூற்றுக்குப் பதினொரு ரூபாய் வருஷ வட்டி என்றே வைத்துக்கொண்டாலும், முப்பது லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு! கலவை சுமப்பவருக்கு நாள் கூலி அறுநூறு, மாதம் இருபது நாள் வேலை என்றால் கையில் வருவது பன்னிரண்டாயிரம். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்து, ஒருவரும் சோறு தின்னாமல் இருந்தாலும் வட்டிக்குப் பற்றாது.

"டாக்டராகி வந்துவிட்டால் அடைத்துவிடுவாள்" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அங்கேதான் தரகன் சொல்லாத இரண்டாவது பரீட்சை இருக்கிறது. வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இங்கே ஊசி போடவேண்டுமானால் ஒரு தகுதிப் பரீட்சை தேறவேண்டும். 2002 முதல் இந்த ஏற்பாடு. முந்நூறு கேள்வி, நூற்றைம்பது சரியாக எழுதவேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அண்மை வருஷங்களில் எழுதியவர்களில் தேறியவர் ஐந்தில் ஒருவர், கொஞ்சம் நல்ல தடவையானால் நாலில் ஒருவர். மற்றவர்கள்? பட்டம் சுவரில் தொங்குகிறது. ஆஸ்பத்திரிகளில் சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளாக நின்றுகொண்டு, அடுத்த தடவைக்குப் படித்துக்கொண்டு, டியூஷன் கம்பெனிக்கும் பணம் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. அங்கே படித்த முறை வேறு, இங்கே கேட்கிற முறை வேறு. நடுவில் கைதூக்கிவிட ஆளில்லை.

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் சில விதிகளைப் போட்டது. இவற்றைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது ஐம்பத்து நாலு மாதம் இருக்கவேண்டும். அதற்கு மேல் பன்னிரண்டு மாதப் பயிற்சியையும் அதே கல்லூரியில் முடிக்கவேண்டும். பாடம் இங்கிலீஷில் நடக்கவேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்ய உரிமை தரும் பட்டமாக இருக்கவேண்டும். முதல் இரண்டு வருஷம் ஒரு கல்லூரி, அப்புறம் சம்பளம் குறைந்த வேறு கல்லூரி என்று தாவினால் பட்டம் இங்கே செல்லாது. முதல் வருஷம் இங்கிலீஷில் ஆரம்பித்து, நடுவில் ரஷ்ய மொழிக்கு மாறும் கல்லூரியானால் அங்கேயும் ஆபத்து. இங்கே வந்தபின் மறுபடி ஒரு வருஷப் பயிற்சி வேறு உண்டு.

"நீட் வேண்டியதில்லை" என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறான் பாருங்கள், அது பச்சைப் புளுகு. நீட்டில் தேறாமலும் அங்கே போய்ப் படிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வந்து இங்கே தகுதிப் பரீட்சை எழுத முடியாது. "ஆணையம் அங்கீகரித்த கல்லூரி" என்பது அடுத்த புளுகு. வெளிநாட்டுக் கல்லூரிகளை அங்கீகரித்து ஆணையம் எந்தப் பட்டியலும் வெளியிடுவதில்லை. தரகனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பிள்ளை விமானம் ஏறியதும் அவன் வேலை தீர்ந்தது.

யுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 24-ல் உக்ரேனில் குண்டு விழ ஆரம்பித்தபோது, சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கி, எல்லை வரை நடந்து, உயிரோடு வந்து சேர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். இங்கே பாதியில் விட்ட படிப்பைத் தொடர இடம் கொடுங்கள் என்று கேட்டபோது விதி இல்லை என்றார்கள். எதிர்ப் பக்கமான ரஷ்யாவில் வேறு ஆபத்து. 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு வழக்குப் பதிந்தது. வேலை வாங்கித் தருவதாக இந்திய வாலிபர்களை ரஷ்யாவுக்கு அழைத்துப் போய் யுத்த முனையில் தள்ளிய கும்பலைப் பற்றிய வழக்கு. அதே கும்பல், பெயர் தெரியாத தனியார் பல்கலைக் கழகங்களில் குறைந்த சம்பளத்தில் இடம் என்றும் பிள்ளைகளை இழுத்தது என்று அந்தத் துறையே சொல்லியிருக்கிறது. படிப்பு விசா வைத்திருப்பவர் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், ரஷ்ய மொழி தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. நம் பிள்ளைகளுக்கு நூறு தரம் சொல்லி அனுப்பவேண்டிய வார்த்தை இது.

அப்படியானால் கூலிக்காரன் பிள்ளை வெளிநாடே போகக்கூடாதா? அப்படிச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. பணம் கேட்காத கதவு இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது. அதைத் தரகன் காட்டமாட்டான். காட்டினால் அவனுக்குக் கமிஷன் ஏது?

ரஷ்ய சர்க்கார் ஒவ்வொரு வருஷமும் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில இடங்களைச் சம்பளம் இல்லாமல் ஒதுக்குகிறது. இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கல்லூரிச் சம்பளம் இல்லை, விடுதி குறைந்த வாடகை, சிறிய உபகாரச் சம்பளம். மொழி கற்கும் ஆயத்த வருஷமும் அதில் அடக்கம். விமானச் செலவும் இன்ஷூரன்சும் நம் பொறுப்பு. மனுப்போடக் காசு கிடையாது. ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா ரோட்டில் ரஷ்ய மாளிகை இருக்கிறது. நேரே போய் விசாரிக்கலாம். செப்டம்பரில் படிப்பு துவங்கும். முந்தின வருஷக் கடைசியிலேயே மனுப்போட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த இலவச இடங்களில் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான் பாடம். ஆகவே டாக்டர் படிப்புக்கு, இப்போது சொன்ன இங்கிலீஷ் விதி குறுக்கே வரும். கணக்கு, பௌதிகம், இஞ்சினீயரிங் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. நம் ஊரில் எல்லாரும் டாக்டர் டாக்டர் என்றே கேட்கிறோம். பௌதிகத்தில் கெட்டிக்காரப் பெண்ணையும் அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். இது நம் தவறு.

பட்டப் படிப்பை இங்கேயே முடித்துவிட்டு மேல்படிப்புக்கு வெளியே போக மத்திய சர்க்காரின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் ஒன்று இருக்கிறது. சம்பளம், சாப்பாடு, விமானம் எல்லாம் சர்க்கார் செலவு. உலக வரிசையில் முதல் ஐந்நூறுக்குள் வரும் பல்கலைக் கழகமாக இருக்கவேண்டும். நாடு முழுவதற்கும் வருஷத்துக்கு 125 இடம். அதில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 115. சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் 6. நிலமில்லாத விவசாயத் தொழிலாளருக்கும் பரம்பரைக் கைவினைஞருக்கும் சேர்த்து எத்தனை தெரியுமா? நாலு! கோடிக்கணக்கில் நாற்று நட்டுக் கதிர் அறுக்கிற வர்க்கத்துக்கு, கைவினைஞரோடு பங்கு போட்டுக்கொள்ள நாலு இடம்! அதோடும் போகவில்லை. 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இந்த நாலு நாற்பதாகவேண்டும், நானூறாகவேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் ஒன்றாக வரவேண்டும். அதுவரை, இருக்கிற நாலு இடத்துக்கு நம் பக்கத்திலிருந்து எத்தனை மனு போயிருக்கிறது? இந்தக் கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையே நம்மில் பலர் இன்றுதான் கேட்கிறோம்.

முதலில் சொன்ன தோழர் இதோ இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டா பத்திரமாக வீட்டில் இருக்கிறது. மகள் இன்னொரு வருஷம் நீட்டுக்குப் படிக்கிறேன் என்கிறாள். ஏழரை சதவிகிதத்தில் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். பௌதிகத்தில்தான் அவளுக்கு மார்க்கு அதிகம், அதையும் பேசி வைத்திருக்கிறோம். ஆனால் கட்டிய ஐம்பதாயிரம் தரகர் ஆபீசில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கேட்கப் போகிறோம். தனியாக அவரை அனுப்பினால் பொடி எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஷிப்டு இல்லாத தோழர்கள் ஒன்பது மணிக்கு இந்தக் கூட்டு ரோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். இதே மாதிரி பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் கையோடு கொண்டுவாருங்கள்.