இரவில் தோலுக்கு ஓய்வு



தோல் உடம்பின் மதில் சுவர். தூசும் கிருமியும் உள்ளே நுழையாமல் அது காக்கிறது. சிலருக்குத் தோல் மென்மையானது. புதுச் சோப்பு பட்டால் எரியும். வெயில் பட்டால் சிவக்கும். குளிர்காலத்தில் வெடிக்கும். இவர்கள் படுக்கும் முன் மூன்று வேலை செய்தால் போதும்.

முதல் வேலை, கழுவுவது. பகலில் படிந்த வியர்வையும் புகையும் போக வேண்டும். ஸ்டிக்கர் பொட்டையும் எடுத்துவிட வேண்டும். அதன் பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பொட்டு வைத்த இடம் அரிக்கும். சிலருக்கு வெளுத்தும் போகும். அவர்கள் அந்தப் பொட்டை விட்டுவிடுவது நல்லது. சுடுநீர் வேண்டாம். துணிச் சோப்பு கூடவே கூடாது. வாசனை சேர்க்காத குளியல் சோப்பு கொஞ்சம் போதும்.

இரண்டாவது, துடைப்பது. துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

மூன்றாவது, ஈரம் காயும் முன் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுவது. கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயும் தடவலாம். வட இந்தியாவில் பலர் கடுகு எண்ணெய் தேய்ப்பார்கள். அதன் காரம் மென்மையான தோலுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறும் ஆகாது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். அரிப்பு இல்லை என்றால் முகத்தில் தடவலாம்.

இனி முக்கியமான செய்தி. "இதைப் பூசு, முகம் வெளுக்கும்" என்று யாராவது ஒரு டியூப் மருந்தைத் தருவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதலில் முகம் பளிச்சென்று தெரியும். நாளாக நாளாகத் தோல் மெலியும். பரு வரும். முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் பூசுவார்கள். இப்படிப் பல ஆண்களும் பெண்களும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மருந்துகள் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே டியூபில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பல மாதம் பூசி வந்தவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது என்று தோல் மருத்துவர் சொல்வார்.

கறுப்பு நிறம் நோய் அல்ல. அதற்கு மருந்து தேவையில்லை. எரிச்சலும் அரிப்பும்தான் நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார்.