கம்பெனியா, அரசா? எண்ணூர் கேட்கும் கேள்வி
(ஐ.டி. விங் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2017 ஜனவரி. எண்ணூர் கடலில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. கரையில வாளியால அள்ளினாங்க.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவுச்சு. சிபிசிஎல் வளாகத்திலிருந்து வந்ததுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அப்பவும் படகுல போய்க் கையால அள்ளினது நம்ம மீனவர்கள்தான்!

நடுவுல ஆட்சி மாறுச்சு. வாளி மாறல.

"கம்பெனி தப்பா, அரசு தப்பா?"ன்னு கமெண்ட்ல சண்டை போடுறாங்க. இது ரெண்டு தனித்தனி கேள்வி, தோழர்களே.

செலவு யாருது? மாசுபடுத்தினவனுது. 1996-லேயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் இது.

முதல் நாளே களத்தில் இறங்கி உத்தரவு போடவேண்டியது யார்? அரசு. பில்லை அப்புறம் கம்பெனிக்கு அனுப்பலாம். ஆத்துல கலந்த எண்ணெய் ஃபைல் நகர்ற வரைக்கும் காத்திருக்காது.

சிபிசிஎல் மத்திய அரசு நிறுவனமான இந்தியன் ஆயிலோட துணை நிறுவனம். வாரியம் மாநில அரசோடது. ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டித் தப்பிக்க விடாதீங்க.

அடுத்த மழைக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கேளுங்க: எண்ணெயைத் தடுக்கிற மிதவையும் உறிஞ்சுற இயந்திரமும் எண்ணூர்லயே தயாரா இருக்கா? இல்ல, மறுபடியும் வாளிதானா?

பகிருங்கள்! #எண்ணூர்