உடைந்தது மண்ணா, கடவுளா?



நாத்திகர் ஒருவர் கடவுளைச் சாடினால், படித்த ஆத்திகரிடமிருந்து ஒரு பதில் வரும். "நீங்கள் சாடுவது பாமரரின் கடவுளை. உண்மையான கடவுள் உருவம் கடந்தவர், சொல்லுக்கு எட்டாதவர்." 2006இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எழுதிய 'தி காட் டெலூஷன்' நூலுக்கும் இதே பதில்தான். இறையியலைச் சரியாகப் படிக்காமலே எழுதிவிட்டார் என்று இலக்கிய விமர்சகர் டெர்ரி ஈகிள்டன் அவரைக் கடிந்துகொண்டார்.

தமிழருக்கு இது பழைய வழக்கு. நீதிமன்றப் படியே ஏறிய வழக்கு.

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஈ.வெ.ரா. மண் பிள்ளையார் ஒன்றை உடைத்தார். மனம் புண்பட்டதாகச் சைவர் ஒருவர் புகார் கொடுத்தார். அது வெறும் மண் உருவம், புனிதப் பொருளாகாது என்று சொல்லி மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம்தான் அந்தக் கருத்து தவறு என்றது. பிரதிஷ்டை செய்யப்படாத, விலைமதிப்பே இல்லாத பொருளாக இருந்தாலும், ஒரு சாரார் புனிதமாகக் கருதினால் அது புனிதப் பொருள்தான் என்றது. ஆனாலும் ஐந்தாண்டுப் பழைய வழக்கு என்பதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆவாகனம் செய்யாத உருவம் வெறும் மண் என்பார் ஆகமம் கற்றவர். வெறும் மண் என்பதுதான் பெரியாரின் கட்சியும்! இருவரும் ஒரே பக்கம். சதுர்த்திக்குச் சந்தையில் பிள்ளையார் வாங்கி, குடை வைத்து, கொழுக்கட்டை படைத்துக் கும்பிட்டவர்தான் தனியாக நின்றார்.

பாமரரின் கடவுளைத் தாக்கியது குறுக்கு வழி என்று சொல்லிவிட முடியாது. தத்துவக் கடவுள் யாரையும் கோயில் வாசலில் தடுத்து நிறுத்தவில்லை. நிறுத்தியது சடங்கும் சாதியும் சேர்ந்த கடவுள். பெரியாரின் கோபம் அங்கேதான் இருந்தது.

ஆனால் "கடவுளே இல்லை" என்று முடிவு சொல்ல வந்தால் அது போதாது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் ஒரு வாதத்தை வைத்துவிட்டார். தோன்றி, நின்று, அழிகிற உலகத்துக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்பது அந்த வாதம். அது தவறென்றால், தவறு எங்கே என்று காட்டவேண்டும். சிலையை உடைப்பதால் அதில் ஓர் எழுத்தும் கலையாது.

படித்த ஆத்திகரும் தப்பிக்க முடியாது. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளைப் பால்குடத்தோடு ஏறுகிற ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். மகன் உடம்பு தேறவேண்டும் என்பது அவர் வேண்டுதல். கடவுள் அப்படியெல்லாம் குறுக்கிட்டுக் காரியம் செய்பவர் அல்ல என்று நாத்திகரிடம் வாதாடுகிறவர், அதையே அந்த அம்மாவிடமும் சொல்லவேண்டும். பெரும்பாலும் அவர் சொல்வதில்லை. படியில் ஒதுங்கி நின்று அம்மாவுக்கு வழி விடுகிறார்.