எத்தனை அந்தோணி? விரிதாளில் ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகளோடு தேடுதல்



வேம்பாறு முதல் பெரியதாழை வரை நம் கடற்கரைப் பள்ளி ஒன்றின் வாசலில் நின்று ‘அந்தோணி’ என்று குரல் கொடுங்கள். ஒரு தலையா நிமிரும்? 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். பர்னாந்து, ரோச், மோத்தா, கோமஸ், மிராண்டா என்ற குடும்பப் பெயர்கள் அந்தத் தொடர்பில் வந்து தங்கியவை. ஊரே சில குடும்பப் பெயர்களைப் பகிர்ந்துகொள்கிறது; பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர். கடற்கரையை விட்டு உள்ளே போனாலும் கதை மாறாது, அங்கே இசக்கிமுத்துவும் முத்துக்குமாரும் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் எட்டாம் வகுப்புப் பட்டியல் ஒரு தாளில் இருக்கிறது. உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண்கள் இன்னொரு தாளில், எமிஸ் எண் இல்லாமல் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்க்க ‘வீலுக்கப்’ போடுகிறோம். அது மேலிருந்து கீழே வந்து, முதலில் கண்ட அந்தோணியின் கணக்கு எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இரண்டாவது அந்தோணிக்கும் அதே எண்தான். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு பிள்ளையின் பணம் இன்னொரு வீட்டுக்குப் போகும். அதைக் கண்டுபிடிப்பது பல மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மாவாகத்தான் இருப்பார்.

ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தை முதலில் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். மொத்தம் பத்துச் சல்லடைகள். 20 துளை உள்ளதில் தங்குவது பெரிய முத்து, 1000 துளை உள்ளது கடைசி. ஆனால் அளவு தெரிந்தால் விலை தெரிந்துவிடாது. ஒவ்வொரு சல்லடையில் தங்கியதையும் உருட்சி, ஒளி பார்த்து ஆணி, கலிப்பு என்று மீண்டும் தரம் பிரிப்பார்கள். அளவும் தரமும் சந்திக்கும் இடத்தில்தான் விலை. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்: பெயரும், தந்தை பெயரும், பிறந்த தேதியும் சந்திக்கும் வரிசையைத் தேடுவது.

எளிய வழி, ஒரு துணை நெடுவரிசை. இரண்டு தாளிலும் இடது ஓரத்தில் ஒரு நெடுவரிசையைச் செருகி, மூன்று நுண்ணறைகளையும் & குறியால் ஒட்டுங்கள். ஒட்டும்போது நடுவில் ஒரு செங்குத்துக் கோடு கட்டாயம். ஏன் என்றால், முதல் வகுப்பு 12-ஆம் வரிசை எண்ணையும் பதினோராம் வகுப்பு 2-ஆம் வரிசை எண்ணையும் கோடில்லாமல் ஒட்டிப் பாருங்கள். இரண்டும் 112! கோடு இருந்தால் 1|12 வேறு, 11|2 வேறு. பிறகு வழக்கமான வீலுக்கப்பை இந்த ஒட்டிய சொல்லின் மேல் போடலாம். நான்காவது இடத்தில் பூச்சியம் போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் அது ‘கிட்டத்தட்ட’ பொருந்துவதை எடுத்துக்கொள்ளும்.

துணை நெடுவரிசை வேண்டாம் என்பவர்களுக்கு ‘எக்ஸ்லுக்கப்’ இருக்கிறது. எக்செல் 2021-இலும் கூகுள் ஷீட்ஸிலும் கிடைக்கும். லிப்ரே ஆபிஸில் 24.8 பதிப்பு முதல் உண்டு. பெயர் பொருந்துகிறதா, தந்தை பெயர் பொருந்துகிறதா, தேதி பொருந்துகிறதா என்ற மூன்று சோதனைகளையும் தனித்தனி அடைப்புக்குள் வைத்துப் பெருக்கி, அந்தப் பெருக்கலில் 1 எங்கே வருகிறது என்று தேடச் சொல்ல வேண்டும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. ஒன்று இல்லையென்றாலும் பெருக்கல் பூச்சியமாகிவிடும். நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் ‘இண்டெக்ஸ்’, ‘மேட்ச்’ இரண்டையும் சேர்த்து இதையே செய்யலாம். முடிவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ‘கவுண்டிஃப்ஸ்’ போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் தாளின் ஒவ்வொரு மாணவருக்கும், வங்கித் தாளில் இந்த மூன்று நிபந்தனைக்கும் பொருந்தும் வரிசைகள் எத்தனை என்று எண்ணட்டும். 1 வந்தால் தேடலாம். 2 வந்தால் நிபந்தனை போதவில்லை, அல்லது ஒரே பிள்ளை இருமுறை பதிவாகியிருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: தந்தை ஒருவர், பிறந்த தேதி ஒன்று. அங்கே முழுப் பெயர்தான் காப்பாற்றும்.

0 வருவதுதான் நம் ஊரில் அதிகம். ஒரு தாளில் அந்தோணி, இன்னொன்றில் அந்தோனி, மூன்றாவதில் ஆன்டனி. பர்னாந்துவும் பெர்னாண்டோவும் நமக்கு ஒன்று, கணினிக்கு இல்லை. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கலாம், அதை ‘டிரிம்’ நீக்கிவிடும். தேதி இன்னொரு தொல்லை. 15.06.2012 என்பது எக்செலுக்குள் 41075 என்ற எண். ஒரு தாளில் தேதியாகவும் மற்றதில் வெறும் எழுத்தாகவும் இருந்தால் பார்க்க ஒன்றாக இருக்கும், பொருந்தாது. வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றாமல் ஒப்பிட்டாலும் இதே கதிதான்.

‘சம்இஃப்ஸ்’ செயற்கூறும் பல நிபந்தனை ஏற்குமே என்று கேட்பீர்கள். ஏற்கும். ஆனால் அது கூட்டும் கருவி. இரண்டு அந்தோணிகள் பொருந்தினால் 46-ஐயும் 38-ஐயும் கூட்டி, நூற்றுக்கு 84 என்று ஒருவருக்கே தந்துவிடும்.

எமிஸ் எண் உள்ள பட்டியலில் இத்தனை பாடு வேண்டாம், அந்த எண்ணை வைத்தே தேடுங்கள். எண் இல்லாமல் வரும் பட்டியல்களில், எண்ணிக்கை 1 வராத பெயர்களை மட்டும் வடிகட்டி அச்செடுத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். மீதி வேலை அங்கே இருக்கிறது.